செகிகஹாராவுக்குப் போகாத வாள்

எங்கள் வீட்டுக்காரப் பாட்டிக்கு வயது 84. ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், அவர் வீட்டின் பின்கட்டில்தான் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். போன இலையுதிர் காலத்தில் அவர்களுடைய மண்சுவர்க் களஞ்சியத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஆளைக் கூப்பிடுவதற்குள் உள்ளே இருப்பதை ஒழித்துவிடலாம் என்று நாகோயாவிலிருந்து பேரன் வந்தான். நானும் கூடப் போனேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், அரிசிப் பெட்டிக்குப் பின்னால், பழைய மெத்தை உறையில் சுற்றி நூலால் கட்டிய நீளமான சாமான் ஒன்று கிடைத்தது. பிரித்தால் பழுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு உறை. பேரன் ஒரு சாண் உருவினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்ப உள்ளே தள்ளினோம்.

பாட்டிக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. "ஓ, அதுவா! மாமனார் சண்டைக்குக் கொண்டுபோனது. செகிகஹாராவில் எங்கள் வீட்டு முன்னோர் பிடித்த வாள் என்று சொல்வார்" என்றார்.

செகிகஹாரா எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய்விடும் தூரம்தான். 1600இல் தொகுகாவா இயெயாசு வென்று, அடுத்த 250 வருட ஜப்பானைத் தீர்மானித்த போர்க்களம். இந்தப் பக்கத்தில் பழைய வாள் வைத்திருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதையைத்தான் சொல்லும் என்பது என் சந்தேகம். அதைப் பாட்டியிடம் சொல்லவில்லை.

நான் கருவி அச்சுகள் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் ஜப்பானில் பதிவுச் சீட்டு இல்லாத வாள் வீட்டில் இருந்தால் முதல் வேலை அதைப் பார்ப்பதல்ல, போலீசுக்குச் சொல்வது. 15 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள வாள் எல்லாம் துப்பாக்கி, வாள் சட்டத்துக்குள் வந்துவிடும். பேரன் அன்றைக்கே போன் செய்தான். மறுநாள் பாட்டியும் அவனும் போய் "கண்டெடுத்தோம்" என்று எழுதிக் கொடுத்து ஒரு சான்று வாங்கி வந்தார்கள். நான் போகவில்லை. ஒரு வெளிநாட்டுக்காரன் வாளோடு காவல் நிலைய வாசலில் நிற்பதைப் பற்றி வீட்டில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

அந்தச் சான்றோடு மாகாணத்தில் நடக்கும் பரிசோதனைக்குப் போகணும். அங்கேதான் சிக்கல். மரபு முறையில், தமஹகானே எனும் எஃகை மடித்து அடித்து, தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்துச் செய்த வாளுக்குத்தான் பதிவு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலை எஃகில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய ராணுவ வாள்களுக்குப் பதிவு கிடையாது. அவற்றைக் கைவிட்டுவிட வேண்டியதுதான், அப்புறம் அழிக்கப்பட்டுவிடும். எங்கள் கையில் இருந்த உறையோ அச்சு அசல் ராணுவ உறை. ஆக இது எந்தக் காலத்து வாள் என்பது பாட்டிக்கு வாள் தங்குமா தங்காதா என்ற கேள்வியாகவே ஆகிவிட்டது. பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

முதலில் வெளிக்கூடு. இரும்பு உறை, வாய்ப்பக்கம் பித்தளை. கைக்காப்பிலும் பிடியின் தலையிலும் செர்ரிப்பூ. பிடியில் வெள்ளைத் திருக்கை மீன் தோல், அதன்மேல் பழுப்பு நாடா. ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வாள் வெளியே வரும். 1938இல் வந்த 98ஆம் வகை அதிகாரி வாளின் அடையாளங்கள் இவை. தொங்கிய குஞ்சத்தின் உட்பக்கம் நீலம். கேப்டன் வரையிலான இளநிலை அதிகாரிகளுக்கு நீலம், மேலே போனால் சிவப்பு. மாமனார் லெப்டினன்ட் என்று பாட்டி சொன்னது இதோடு ஒத்துப்போனது.

ஒரு ஆறுதல் இருந்தது. இதற்கு மூன்று வருடம் முன்பு, 1935இல் வந்த 95ஆம் வகை, சார்ஜென்ட் போன்ற கீழ்நிலை ஆட்களுக்கானது. அதன் பிடி பெரும்பாலும் உலோக வார்ப்பில் நாடா சுற்றிய மாதிரி அச்சு போட்டது, அலகிலேயே வரிசை எண் குத்தியிருக்கும், முழுக்க ஆலைச் சரக்கு. அப்படி ஏதாவது இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், வீட்டில் பரம்பரை வாள் இருந்தவர்கள் அதையே ராணுவக் கூட்டில் ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. கூடு 1938க்குப் பிந்தியது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது எண்பது வருடப் பழசாகவும் இருக்கலாம், ஐநூறு வருடப் பழசாகவும் இருக்கலாம்.

உருவிப் பார்த்தபோது நான் ஒரு தப்பு செய்தேன். அலகின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்துவிட்டேன், ஒரு நொடிதான். நான்காம் நாள் பார்த்தால் அந்த இடத்தில் ரேகை பழுப்பாகப் பதிந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகிலேயே வேலை செய்து பழகியவனின் அலட்சியம். அதற்குப் பிறகு கையில் மெல்லிய துணி இல்லாமல் தொடவில்லை, அலகுக்கு மேலே வாயைத் திறந்து பேசவும் இல்லை.

அடுத்தது பிடியைக் கழற்றுவது. ஜப்பானிய வாளில் பிடிக்குள் போகும் பகுதியை நக்காகோ என்பார்கள். நம்ம ஊர் அரிவாளின் காம்பு மாதிரிதான். பிடியையும் காம்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது மெகுகி என்ற ஒரே ஒரு மூங்கில் முளை. இதைத் தட்டி எடுக்க என் பட்டறைக் கடைசலில் ஒரு பித்தளைக் கம்பியை முனை குறுக்கி வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் தட்டினேன். அசையவில்லை. எண்பது வருட மூங்கில், இறுகியிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். பேரன்தான் கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் முளை தடியாக இருக்கிறதே" என்றான். முளை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒல்லியாகச் சீவியிருக்கும். நான் தடித்த பக்கத்திலிருந்து அடித்து அதை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன். திருப்பி வைத்து நாலு தட்டு, வந்துவிட்டது.

முளை வந்த பிறகும் பிடியை இழுத்து எடுக்கக்கூடாது. இடது கையால் பிடியின் அடியைப் பிடித்து, வாளைச் சற்றுச் சாய்வாக நிமிர்த்தி, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் குத்தணும். ஒவ்வொரு குத்துக்கும் அலகு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். பன்னிரண்டாம் குத்தில் எழும்பியது. கைக்காப்புக்கு மேலும் கீழும் வில்லை வில்லையாக எட்டுத் தகடுகள். எல்லாவற்றிலும் ஒரே எண் குத்தியிருந்தது, ஒரே கூட்டுக்குப் பொருத்திய செட். கழற்றும் முன் வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டது எவ்வளவு நல்லது என்று திரும்பப் பூட்டும்போது தெரிந்தது.

காம்பு வெளியே வந்ததும் நான் சுத்தம் செய்யப் போவேன் என்று நினைத்துப் பேரன் பழைய பல்துலக்கியைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று தடுத்த ஒரு காரியத்துக்காக எனக்கு நானே மதிப்பெண் கொடுத்துக்கொள்கிறேன். வாளின் வயதைச் சொல்வதில் பாதி சாட்சி காம்பின் துருதான். அலகைத் தலைமுறை தலைமுறையாகச் சாணை பிடிப்பார்கள், காம்பை யாரும் தொடமாட்டார்கள். செய்த நாளிலிருந்து பிடிக்குள் இருட்டில் மெல்ல மெல்லத் துரு ஏறி ஒரு தோலாகவே ஆகிவிடும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் வாளின் விலையும் போச்சு, வயதும் போச்சு.

எங்கள் காம்பில் இரண்டு வகைத் துரு இருந்தது. மேல் ஓரத்தில், கைக்காப்பை ஒட்டி, ஈரம் பட்ட செந்துரு, விரலில் ஒட்டும் பொடி. மீதியெல்லாம் கரும்பழுப்பு, மெழுகிய திண்ணை மாதிரி வழவழப்பு, விரலில் எதுவும் ஒட்டவில்லை. போர்க்கால வாளாக இருந்தால் அடியில் அரம் போட்ட வெள்ளை இரும்பு இன்னும் தெரியும், துரு சிவப்பாகவோ சாம்பலாகவோதான் இருக்கும். 16ஆம் நூற்றாண்டுக்கு முந்திய காம்புகள் பெரும்பாலும் கறுப்புக்கே போய்விடும். இது இரண்டுக்கும் நடுவே. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டமுடியாது, வைத்திருந்த இடத்தின் ஈரம் ஏமாற்றும். ஆனாலும் மனதில் ஒரு குறி வைத்துக்கொண்டேன்.

போர்க்காலத்தில், எங்கள் மாகாணத்திலேயே வாள் கொல்லர்களுக்குப் பேர்போன செகி நகரில் செய்த வாள்களின் காம்பில் ஆய்வு முத்திரையாக "செகி" என்ற எழுத்தையோ "ஷோ" என்ற எழுத்தையோ சின்னதாகக் குத்துவார்கள். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை. பெருமூச்சு விட்டேன்.

அதைவிடப் பெரிய சாட்சி துளைகள். காம்பில் இரண்டு துளை. ஒன்றின் விளிம்பு கோணல்மாணல், உட்சுவரிலும் அதே கரும்பழுப்புத் துரு. இன்னொன்று டிரில்லில் போட்டது மாதிரி சுத்தமான வட்டம், சுவர் நேராக, துரு இளசு. இந்த இரண்டாவதில்தான் ராணுவப் பிடியின் முளை இருந்தது. வாளே 1940 வாக்கில் இந்தப் பிடிக்காகச் செய்ததென்றால் பழைய துளை எதற்கு? ஏற்கனவே இருந்த வாளுக்குப் புதுப் பிடி போட, துளை ஒத்துவராமல், இன்னொன்று போட்டிருக்கிறார்கள். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. புதுத் துளை, காம்பில் வெட்டியிருந்த கொல்லர் பெயரின் இரண்டாம் எழுத்தின் கால் ஒன்றைக் கடித்துவிட்டது. அந்த வேலையைச் செய்தவரைத் திட்டலாம்தான். ஆனால் பெயர் முதலில், துளை பிறகு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

பெயரைப் படிக்கப் படம் எடுத்துப் பார்த்தேன், சரியாக விழவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து நிழல் விழச் செய்தபோது பாதி தெரிந்தது. அப்புறம் ஓஷிகாத்தா எடுத்தோம். மெல்லிய காகிதத்தைக் காம்பின்மேல் இறுக்கிப் பிடித்து, மெழுகு கலந்த கறுப்பு மைக்கட்டியால் லேசாகத் தேய்ப்பது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கோயில் கல்வெட்டில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே காகிதத்தை நனைத்து, அடித்துப் படிய வைத்து, மை ஒற்றுவார்கள். இங்கே தண்ணீர் பக்கத்திலேயே வரக்கூடாது. மற்றபடி அதே வித்தைதான், வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். இதற்கு உகந்த காகிதம் மினோ காகிதம் என்பார்கள். அது செகியை அடுத்த மினோ ஊர்ச் சரக்கு. இரண்டு தாள் வீணாகி மூன்றாவதில் நன்றாக விழுந்தது.

இரண்டே எழுத்து. பேரன் படித்தான்: கானெ, மோட்டோ. கானெமோட்டோ.

நான் எழுந்துபோய் என் சமையலறை இழுப்பறையைத் திறந்து காய்கறி வெட்டும் கத்தியை எடுத்துவந்து காட்டினேன். "செகி மகொரொகு" என்று போட்டிருந்தது. ஜப்பானில் எந்தக் கடையிலும் கிடைக்கும் கத்தி. அந்த மகொரொகு யார் என்றால், 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே பகுதியில், அன்றைய மினோ நாட்டில், வாழ்ந்த வாள் கொல்லர் இரண்டாம் கானெமோட்டோ. வெட்டுக்குப் பேர்போன வாள்கள். 1600க்கு முந்திய ஆள். பாட்டியின் செகிகஹாரா கதைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பேரன் அன்று இரவு தூங்கியிருக்கமாட்டான். உண்மையைச் சொன்னால் நானும் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் புத்தி வந்தது. ஜப்பானிய வாளில் கடைசியாக நம்ப வேண்டியது பெயரை. பெரிய கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டுவது நூற்றாண்டுக் கணக்காக நடந்த தொழில். போலி இல்லாவிட்டாலும் கானெமோட்டோ என்பது ஒரு ஆளின் பெயரல்ல, தலைமுறை தலைமுறையாக வந்த பட்டம். எங்கள் பெயரின் வெட்டுக்குள்ளும் சுற்றியுள்ள அதே துருதான் இருந்தது, உளியின் பிசிறு எங்கும் புதிதாக மின்னவில்லை. ஆகவே பெயர் வாளின் வயதுதான். எந்தக் கானெமோட்டோ என்பதை அலகுதான் சொல்லணும்.

அலகின்மேல் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. மெல்லிய தாளில் நீரில்லாத ஆல்கஹால் தொட்டு, முதுகுப்பக்கத்திலிருந்து, ஒரே திசையில் துடைத்தேன். துருப்புள்ளிகளை விட்டுவிட்டேன். டிவியில் பார்க்கும் அந்தச் சிவப்புப் பந்தில் பொடி தட்டும் வேலை துரு இருக்கும் வாளுக்கு ஆகாது, கீறிவிடும்.

நான் எதிர்பார்த்தது நம்ம ஊர் உருக்கில் செய்த டமாஸ்கஸ் வாள் மாதிரி பளிச்சென்ற நீர்க்கோலம். அது வேறு வம்சம். உருக்கில் கோலம் மூசைக்குள் எஃகு ஆறும்போதே விதைக்கப்படுகிறது. இங்கே தெரிவது மடித்து அடித்த மடிப்பின் ரேகை, மரப்பலகையின் வரி மாதிரி, மிக மெல்லியது. டியூப் லைட்டில் எதுவும் தெரியவில்லை. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு பழைய குண்டு பல்பைப் போட்டு, வாளின் முனையை விளக்கை நோக்கி நீட்டி, கண்ணைக் கூர் ஓரத்தோடு ஓடவிட்டபோதுதான் திறந்துகொண்டது. பலகை வரி இருந்தது. தோய்ச்சல் எல்லையில், ஹாமோன் என்று சொல்லும் அந்த வெள்ளை ஓரத்தில், பனித்துளி மாதிரிப் பொடிப்பொடியாக மின்னியது. எண்ணெயில் தோய்த்த போர்க்கால வாளில் இந்தப் பொடி இருக்காது, ஓரம் உயிரில்லாமல் இருக்கும். பதிவு கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நொடியில்தான்.

ஹாமோனின் வடிவம் மூன்று மூன்றாக நிற்கும் முக்கோணக் குன்றுகள். சன்போன்சுகி, அதாவது மூன்று சுகி மரங்கள். கானெமோட்டோ குடும்பத்தின் கையெழுத்தே அதுதான். ஆனால் மகொரொகுவின் சுகி மரங்கள் ஒழுங்கற்றவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, சில இடத்தில் இரண்டாகிவிடும். பிந்திய தலைமுறைகள் அதை அச்சு மாதிரி ஒழுங்குபடுத்திவிட்டன. எங்களுடையது அரண்மனை வேலி மாதிரி வரிசை தப்பாமல் நின்றது. செகியில் உள்ள கொல்லர் மரபு அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், மாதிரிகளை நின்று பார்த்துவிட்டு வந்தேன். சந்தேகம் குறையவில்லை, கூடியது.

அப்புறம் அளவு. வாளின் நீளத்தை வளைவோடு அளக்கக்கூடாது. முனையிலிருந்து, அலகும் காம்பும் சேரும் இடத்தில் முதுகில் இருக்கும் வெட்டு வரை நேர்கோடு. 66.9 செ.மீ. இரண்டு ஷாக்கு, அதாவது 60.6 செ.மீ.க்கு மேல், ஆகவே கட்டானா, அதாவது முழு நீள வாள். வளைவின் ஆழம் 1.2 செ.மீ.தான், உயரம் போதாத வில் மாதிரி. அடியில் அகலம் 3 செ.மீ., முனைக்கருகே 2. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முனை சின்னது.

இந்த உருவத்துக்கு ஒரு பெயரே உண்டு. கன்புன் வடிவம். கன்புன் என்பது 1661 முதல் 1673 வரையிலான ஆண்டுகள். போர் ஓய்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட காலம். குதிரைமேல் இருந்து வீச வேண்டியதில்லை, வாள் பயிற்சிக்கூடத்தில் குத்துக்கு நேரான வாள்தான் வசதி. அதற்கு முன் 1657இல் எடோ நகரம், அதாவது இன்றைய தோக்கியோ, பற்றி எரிந்த மெய்ரெகி தீயில் ஏராளமான வாள்கள் போனதால், நாடு முழுக்கக் கொல்லர்களுக்குக் கை நிறைய வேலை. மகொரொகு காலத்து வாளோ முனைப்பக்கம் வளைந்து, ஒற்றைக் கையால் சட்டென்று உருவ வசதியாகக் காம்பு குட்டையாக இருக்கும். எங்கள் காம்பு 20 செ.மீ.க்குக் கிட்டே, இரண்டு கைக்கும் தாராளம்.

இன்னும் புதிதாக, 19ஆம் நூற்றாண்டாக இருக்குமோ என்றும் பார்த்தேன். அவ்வளவாகச் சாணை காணாத வாளில் அடிப்பக்கத்துக் கூர் கொஞ்சம் மழுங்கலாகவே விட்டிருக்கும். இங்கே அது தேய்ந்து போய்விட்டது, கூர் தொடங்கும் இடத்தில் இருக்கும் வெட்டுப் படியும் ஆழம் குறைந்திருந்தது. பல தடவை சாணை கண்ட வாள். ஆக நான் என் நோட்டில் எழுதியது: மினோ நாடு, பிந்திய கானெமோட்டோ, 1660க்கும் 1690க்கும் நடுவே. காம்பில் பருந்தின் இறகு மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்த அரக் கோடுகள் மினோவையே சொல்லின. தேதி வெட்டியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

பரிசோதனை நாளில் ஆய்வாளர் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று பேரன் சொன்னான். அளந்தார், காம்பைப் பார்த்தார், எழுதினார். நீளம் 66.8. எனக்கு ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது, அளவுத் தொழில் செய்பவனுக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. துளை இரண்டு. பெயர் கானெமோட்டோ. 6,300 யென் கட்டணம். எந்தக் காலத்து வாள் என்று பேரன் கேட்டதற்கு, "இங்கே அளப்பதோடு சரி" என்று சிரித்திருக்கிறார். அது நியாயம்தான். பதிவுச் சீட்டு, வாளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான சீட்டு. பெயர் அசலா என்பதை அது சொல்லாது. அதற்கு தோக்கியோவின் ரியோகொகுவில் வாள் அருங்காட்சியகம் வைத்திருக்கும் பாதுகாப்புச் சங்கத்துக்கு அனுப்பணும். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். விற்கப் போவதில்லையே, எதற்குச் செலவு என்றார். சாணை பிடிக்கும் செலவைக் கேட்டதும் அதையும் வேண்டாம் என்றார். நல்ல சாணைக்காரர் கேட்பது லட்சங்களில். துரு மேலும் பரவாமல் எண்ணெய் பூசி வைத்தால் அவசரம் இல்லை, பேரன் தலையெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

செகிகஹாரா விஷயத்தை யார் சொல்வது என்பதில் எனக்கும் பேரனுக்கும் இரண்டு நாள் இழுபறி. கடைசியில் நான்தான் டீ குடிக்கும்போது சொன்னேன். வாள் பிறந்ததே அந்தச் சண்டைக்கு அறுபது வருடம் கழித்து என்றேன். பாட்டி டீயைக் குடித்து முடித்தார். "மாமனாரிடம் அவர் அப்பா சொல்லியிருப்பார். பாவம், அதை நம்பித்தானே அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு போனார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 1945இல் வாள்களை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்கர்கள் உத்தரவு போட்டபோது மாமியார்தான் இதை மெத்தை உறையில் சுற்றிக் கட்டியது என்றும், அந்த நூல் முடிச்சு மாமியாருடையது என்றும் சொன்னார். நூலை நாங்கள் வெட்டிக் குப்பையில் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

வாளுக்கு இப்போது ஹோ மரத்தில் வெள்ளை உறை ஒன்று தயாராகி வந்துவிட்டது, பூச்சு இல்லாத மரம், துரு பிடிக்காமல் ஓய்வெடுக்க. ராணுவக் கூட்டைத் தூக்கிப் போடக்கூடாது என்று பாட்டி கண்டிப்பாகச் சொன்னதால், அது குலையாமல் இருக்க உள்ளே சொருகும் மர அலகை நானே செதுக்கினேன். ட்சுனாகி என்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது, முதல் முயற்சி வளைவு போதாமல் உறைக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது சரியாகப் போனது. எட்டுத் தகடுகளையும் படத்தைப் பார்த்து வரிசையாகக் கோர்த்து, பிடியை மாட்டி, பழைய மூங்கில் முளையை எடுத்து, எந்தப் பக்கம் ஒல்லி என்று பேரனைக் கேட்டுவிட்டுத்தான் சொருகினேன்.